முன்பக்கத்துப் படிக்கட்டு

கட்டடங்களைத் தரம் பிரிப்பதில் கிளெமென்றுக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது. அவனுடைய மாமியார் சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கும்போதுகூட அவ்வளவு மும்முரம் காட்டியதில்லை. வீடு, கடை, கிட்டங்கி, பொதுக்கூடம், பள்ளிக்கூடம் என்று அலுவலகப் பதிவேட்டில் ஐந்து பகுதிகள். கொழும்பின் வடக்குப் பக்கத்தில் நாலு சுவரும் கூரையும் உள்ள எதுவும் அந்த ஐந்தில் ஒன்றுக்குள் போயே ஆகவேண்டும். போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிற கட்டடத்தைக் காதைப் பிடித்து உள்ளே தள்ளுவதற்குத்தான் அரசாங்கம் அவனுக்கு உத்தியோகமும் ஒரு சைக்கிளும் தந்திருந்தது.

எந்தப் பகுதிக்குள் விழுகிறதோ, அதற்கேற்ற சட்டம். வீடு என்றால் மாடிக்கு ஒரு படிக்கட்டுப் போதும். கிட்டங்கி என்றால் சாமான் கனத்தைத் தளம் தாங்கினால் சரி, மற்றதை யாரும் கேட்கமாட்டார்கள். பள்ளிக்கூடம் என்றால்தான் வில்லங்கம். மேல்மாடியில் நாற்பது பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு படிக்கட்டுகள் வேண்டும். ஒரு பக்கம் நெருப்புப் பிடித்தால் மறுபக்கத்தால் பிள்ளைகள் இறங்கவேண்டும் என்ற கணக்கு. நல்ல கணக்குத்தான். அதில் ஒரு பிழையும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு சட்டத்தைத் திட்டி யாரும் ஆறுதல் தேடக்கூடாது.

முப்பத்தேழாம் ஆண்டு பெப்ரவரியில் ஜவாஹிறா டீச்சரின் விண்ணப்பம் அவனுடைய மேசைக்கு வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்குகிற ஒரு தெருவில் ஹமீட் முதலாளியின் கடை இருந்தது. கப்பல்களுக்கு வேண்டிய கயிறு, கன்வஸ், தார், பெயின்ற் எல்லாம் அங்கே கிடைக்கும். கீழே கடை, மேலே ஒரு நீண்ட மண்டபம். அந்த மண்டபத்தில்தான் டீச்சர் ஆறு வருஷமாக முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் தையலும் குர்ஆன் ஓதவும் சொல்லிக்கொடுத்து வந்தார். நாற்பது வயது, புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அந்த ஐம்பத்திரண்டு பேர்தான் பிள்ளைகள்.

பத்து வயது தாண்டிய மகளை வாசலுக்கு வெளியே விடாத தகப்பன்மார்கூட, "ஜவாஹிறாட்டயா? சரி, போகட்டும்" என்று அனுப்பினார்கள். அதற்குக் காரணம் இருந்தது. பின்னாலுள்ள ஒழுங்கையால் வந்து, பின்பக்க மரப்படியால் ஏறி, படித்து முடித்து, அதே படியால் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு அந்நிய ஆணின் கண்ணிலும் பட வேண்டியதில்லை.

இப்போது டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தைப் பதிவு செய்யவேண்டும். பதிவானால்தான் பிள்ளைகள் அரசாங்கச் சோதனை எழுதலாம். ஹமீமா என்று பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது. சிலேற்றைத் தொடாமலே பின்னக் கணக்குக்கு விடை சொல்லும். அவளை எப்படியாவது சோதனை எழுதவைத்து, ஒரு நாள் தன் கதிரையில் இருத்திப் பார்க்கவேண்டும் என்பது டீச்சரின் ஆசை. கட்டடம் சரி என்று கிளெமென்ற் ஒரு கையெழுத்துப் போட்டால் மிச்சமெல்லாம் தானாக நடக்கும்.

பிள்ளைகள் இருக்கிற நேரத்தில் ஆண் இன்ஸ்பெக்டர் மேலே ஏற முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் வருவதென்று ஒழுங்காயிற்று. அன்று வகுப்பு இல்லை. கடை ஆட்களும் முதலாளியும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். வாசலில் ஒரு கிழட்டுக் காவல்காரன் மட்டும் சுருட்டுக் குடித்துக்கொண்டு நின்றான். கிளெமென்ற் வெறிச்சோடிக் கிடந்த கடைக்குள் நுழைந்து, கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே நடந்து, முன்பக்கத்துப் படிக்கட்டில் ஏறினான். தேக்குப் படி, ஐந்தடி அகலம், கைபிடி யானை சாய்ந்தாலும் அசையாது. இப்படியொரு படிக்கட்டைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பின்படியையும் அளந்தான். இரண்டேகால் அடி. ஒடுக்கம்தான், ஆனாலும் படிக்கட்டு.

டீச்சர் துணைக்குத் தாயின் தங்கையான தன் சாச்சியைக் கூட்டிக்கொண்டு மண்டபத்தின் மறுகோடியில் முக்காடிட்டு நின்றார்.

"டீச்சர், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றான் கிளெமென்ற். "முன்படி அந்த மாதிரி, அருமையான படி. பின்படி கொஞ்சம் ஒடுக்கம், எண்டாலும் ரெண்டு இருக்கு. பதிவு கிடைக்கும்."

டீச்சர் சந்தோஷப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாத்தயா, ஒரு படிதான் ஈக்கி எண்டு எழுதுங்க" என்றார்.

இத்தனை வருஷ உத்தியோகத்தில் தன் கட்டடத்தில் குறை எழுதச் சொல்லிக் கேட்ட ஆளைக் கிளெமென்ற் கண்டதில்லை. குறையை மறைக்கத்தான் கேட்பார்கள்.

"என்ன டீச்சர் கதைக்கிறியள்? கண்ணுக்கு முன்னால ரெண்டு இருக்கே."

"முன்படி கடைக்குள்ளால போற. இண்டைக்கு வெள்ளிக்கிழம, அதான் ஒங்களுக்கு வெறுமயாத் தெரியிது. மத்த நாள் வந்து பாருங்க. கப்பல்காரன், லொறிக்காரன், மூட்ட தூக்கிற நாட்டாமிமார், எந்த நேரமும் முப்பது ஆம்புளைகள் நிப்பாங்க. இந்த ஆறு வருஷத்துல ஒரு புள்ள அதால எறங்கினதில்ல. அவங்களுக்கு அது படியில்ல மாத்தயா, செவுரு."

"அவசரமெண்டா இறங்குவினம். நெருப்பெண்டு வந்தா ஆரும் வெக்கம் பாப்பினமே?"

"பாப்பாங்க" என்றார் டீச்சர். "நான் படிப்பிக்கிற புள்ளைகள எனக்குத் தெரியும்."

சாச்சி உள்ளே போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். ஒரு படிதான் என்று இன்ஸ்பெக்டர் எழுதினால், பின்பக்கத்தில் நல்ல படியொன்று கட்டச் சொல்லி அரசாங்கம் முதலாளிக்குக் காகிதம் அனுப்பும். அவரும் கட்டித் தருவார்.

"அப்ப நீங்களே அவரிட்டக் கேக்கலாமே, டீச்சர்."

"வாடக இல்லாம மண்டபத்தத் தந்த மனிசன். தானமாத் தந்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்கேலுமா? தந்த கைக்கிட்ட இன்னமும் தா எண்டு என்ட வாயால கேக்கேலாது. அரசாங்கம் கேட்டா அது வேற. அவருக்குக் கோபம் வராது, எனக்கும் வெக்கமில்ல."

கிளெமென்ற் தலையாட்டினான். தலையாட்டினானே தவிர, நம்பவில்லை. டீச்சர் நல்ல மனுஷி, ஆனால் உலகம் தெரியாதவர் என்று நினைத்தான். வியாபாரிகளைத் தனக்குத் தெரியாதா? இரண்டு வருஷத்துக்கு முன் மட்டக்குளியில் ஒரு தையல் வகுப்புக்கு இதேபோலக் குறை எழுதினான். காகிதம் போன மறுநாளே வீட்டுக்காரன் தையல் மெஷின்களைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டான். படி கட்டுவதைவிடப் பள்ளிக்கூடத்தைக் கிளப்புவது சுலபம். ஹமீட் முதலாளிக்கு இப்படியொரு காகிதம் போனால், 'ஓசியில் இடம் கொடுத்ததுக்கு இதுவா கூலி' என்று கேட்கமாட்டாரா? ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் வீட்டில் குந்தவேண்டியதுதான்.

இரக்கப்பட்டுத்தான் அப்படி நினைத்தான். அதில் பொய் இல்லை. ஆனால் குறை எழுதினால் மூன்று பிரதி எடுக்கவேண்டும், திரும்ப வந்து பார்க்கவேண்டும், பெரிய துரைக்கு விளக்கம் சொல்லவேண்டும். 'படிக்கட்டு இருக்கிறது, ஆனால் இல்லை' என்று வெள்ளைக்காரனிடம் எந்த வாயால் சொல்வது? இரக்கமும் சோம்பலும் ஒரே சட்டைக்குள் புகுந்துகொண்டால் எது எதுவென்று போட்டவனுக்கே தெரியாது.

"பாப்பம், டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தான். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினான். பகுதி: பள்ளிக்கூடம். படிக்கட்டு: இரண்டு. வீட்டுக்குச் சைக்கிள் மிதித்துப் போகையில் ஒரு புண்ணியம் செய்த நிறைவு மனதில் இருந்தது. முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

பதிவு கிடைத்தது. டீச்சர் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷ நோன்புப் பெருநாளுக்குக் கிளெமென்றின் வீட்டுக்கு ஒரு பெரிய சட்டி வட்டிலப்பம் வந்தது. அவனும் பெண்சாதி யோசெப்பினும் இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டார்கள்.

அடுத்த வருஷம் மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. ஹமீமாவும் இன்னும் நான்கு பிள்ளைகளும் சோதனை எழுத மூன்று கிழமை இருந்தது. கடைக்குப் பக்கத்து முற்றத்தில் தார் காய்ச்சிக்கொண்டிருந்த பீப்பாய் பொங்கி வழிந்து, அருகில் கிடந்த தேங்காய்த் தும்புக் குவியலில் நெருப்புப் பிடித்தது. பெரிய நெருப்பில்லை. கடை ஆட்கள் மண்ணை அள்ளிக் கொட்டிப் பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். மண்டபத்தில் ஒரு பாய்கூடக் கருகவில்லை. ஆனால் ஈரத் தும்பின் புகை இருக்கிறதே, அது கறுப்பாகத் திரண்டு மேல்மாடி யன்னல்களால் உள்ளே புகுந்துவிட்டது.

பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். எந்தப் படிக்கு ஓடினார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

கீழே நின்ற ஆண்கள் நல்லவர்கள். அதுதான் கொடுமை. கடையில் நின்ற நாட்டாமிமாரும் கப்பல்காரரும் முன்படியின் அடியில் வந்து நின்று, "இங்கால வாங்க புள்ளைகள், வழி ஈக்கி, வாங்க!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். எல்லோரையும்விடப் பலமாகக் கத்தியவர் ஹமீட் முதலாளி. கூப்பிடக் கூப்பிட, படித் தலைப்பில் நின்ற ஒன்றிரண்டு பிள்ளைகளும் பின்வாங்கினார்கள். இரண்டு ஆண்கள் உதவிக்கென்று படியில் ஏறியதும், மிச்சம் நின்ற பிள்ளைகளும் முக்காட்டை இழுத்துக்கொண்டு மறுபக்கம் பாய்ந்தார்கள். "முன்னால போங்க, முன்படியால போங்க" என்று டீச்சரே அலறினார். ஏழு வருஷத்தில் முதல்தடவையாகப் பிள்ளைகள் அவர் சொல்லைக் கேட்கவில்லை.

இரண்டேகால் அடிப் படியில் ஐம்பது பேர். நடுப்படியில் ஒரு சின்னப் பிள்ளை தடுக்கியது, பின்னால் வந்தவர்கள் அதன்மேல் விழுந்தார்கள், கைபிடி முறிந்தது. பதினொரு பிள்ளைகள் பின்முற்றத்தில் விழுந்தார்கள். எட்டிப் பிடிக்கப்போன டீச்சரும் விழுந்தார். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஹமீமாவுக்கு வலது கால் இரண்டு இடத்தில். உயிர் ஒன்றும் போகவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான் என்று தெருவில் சொன்னார்கள், மாதா காப்பாற்றினா என்று யோசெப்பின் மெழுகுதிரி கொளுத்தினாள். காப்பாற்றுகிற பொறுப்பு இன்ஸ்பெக்டருக்கும் கொஞ்சம் இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

விசாரணை நடந்தது. பெரிய துரை கோப்பைப் புரட்டிப் பார்த்தார். பகுதி சரி. பிள்ளைத் தொகை சரி. படிக்கட்டு இரண்டு, அளவுகளோடு. முன்படி திறந்திருந்ததா? திறந்திருந்தது. எரிந்ததா? இல்லை. அப்படியானால் பிள்ளைகள் ஏன் அதால் இறங்கவில்லை? கடைச் சிப்பந்தி ஒருவர் விளக்கம் சொன்னார். துரை தோளைக் குலுக்கிவிட்டு, இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் குறையில்லை என்று எழுதி, எழுந்து போகும்போது கிளெமென்றின் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கிளெமென்றின் சுரைக்காய்க்குப் பாராட்டே கிடைத்தது. அவனுக்கு அந்தத் தட்டு அடி விழுந்த மாதிரி வலித்தது.

அன்று பின்னேரம் யோசெப்பினிடம் எல்லாவற்றையும் சொன்னான். டீச்சர் கேட்டதையும், தான் எழுதாமல் விட்டதையும் ஒளிக்காமல் சொன்னான்.

"ஆனா யோசெப்பின், இவ்வளவு அகலமான படி திறந்து கிடக்க, ஆரும் போகாமல் விடுவினம் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை."

யோசெப்பின் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சந்தைக்கு எதால போறனான்?"

"கோயிலைச் சுத்தி."

"நேர் வழி இருக்கே. ஏன் சுத்துறன்?"

நேர் வழியில் கள்ளுத் தவறணை இருந்தது. கல்யாணம் முடித்து ஒன்பது வருஷமாக, மழையென்றாலும் வெயிலென்றாலும், வயிற்றில் பிள்ளையோடு நடந்த காலத்திலும், அவள் அந்த வழியால் போனதில்லை. அவனும் ஒருநாள்கூட ஏனென்று கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாத அளவுக்கு அவனுக்கு அது தெரிந்த விஷயம்.

"ஓம்" என்றான் கிளெமென்ற்.

பள்ளிக்கூடம் ஒரு மாதம் மூடிக் கிடந்து, சாச்சியின் மேற்பார்வையில் திரும்பத் திறந்தது. முப்பது பிள்ளைகள் வந்தார்கள். அடுத்த மாதம் பதினான்கு. விழுந்த பிள்ளைகளை நாட்டாமிமார் தூக்கிக்கொண்டு தெருவால் ஆஸ்பத்திரிக்கு ஓடியதை ஊரே பார்த்திருந்தது. அந்தப் பேச்சு ஓயவில்லை. தகப்பன்மார் ஒவ்வொருவராக மகள்களை நிறுத்தினார்கள். ஜூன் மாதம் ஐந்து பிள்ளைகள் வந்தார்கள், ஜூலையில் ஒருவரும் வரவில்லை. ஹமீமா சோதனை எழுதவில்லை. காலில் சாந்துக்கட்டு அவிழ்த்தபிறகு ஒரு பக்கம் சரிந்து சரிந்து நடக்கிறாள் என்றும், மட்டக்குளியில் மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டான். அந்தப் பிள்ளையை அவன் ஒருமுறையும் கண்டதில்லை. காணாத முகம் அவன் நித்திரையைக் கெடுத்தது.

செப்டெம்பரில் மேசைக்கு இன்னொரு விண்ணப்பம் வந்தது. ஹமீட் முதலாளி மேல்மாடியைப் பள்ளிக்கூடப் பகுதியிலிருந்து எடுத்துக் கிட்டங்கிப் பகுதிக்கு மாற்றித் தரும்படி கேட்டிருந்தார். வேறு யாரையாவது அனுப்பலாமா என்று கிளெமென்ற் யோசித்தான். பிறகு, இல்லை, நான்தான் போகவேண்டும் என்று புறப்பட்டான்.

இந்தமுறை வெள்ளிக்கிழமை தேவைப்படவில்லை. திங்கட்கிழமை காலை போனான். கடை முழுக்க ஆண்கள். அவர்களைத் தள்ளி விலத்திக்கொண்டு போகவே அவனுக்குச் சங்கடமாக இருந்தது. மண்டபத்தில் பாய்களும் பிள்ளைகள் இருந்த வாங்குகளும் இல்லை, கயிற்றுச் சுருள்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. சுவரில் யாரோ பிள்ளை கரிக்கட்டியால் எழுதிய வாய்பாடு மட்டும் பாதி அழிந்து நின்றது.

"பின்னுக்கு வாங்க மாத்தயா, ஒண்டு காட்ட" என்று முதலாளி கூட்டிக்கொண்டு போனார்.

பழைய மரப்படி இல்லை. அந்த இடத்தில் இரும்பில் ஒரு படிக்கட்டு, பச்சைப் பெயின்ற் அடித்து, இரண்டு பக்கமும் கைபிடியோடு, முற்றத்துக்கு இறங்கியது.

"நாட்டாமிமார் கயித்த முன்படியால ஏத்தினா யாவாரத்துக்கு இடைஞ்சல். அதான் கட்டினன். பத்து நாள் வேல."

கிளெமென்ற் கைபிடியைப் பிடித்துப் பார்த்தான். அசையவில்லை. "முதலாளி, இதை முந்தியே கட்டியிருந்தா..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை.

முதலாளி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோபமில்லை, விளங்காத பார்வை.

"முந்தி யாரு மாத்தயா கேட்டது? நீங்க வந்து அளந்து பாத்து, ரெண்டு படி ஈக்கி, சரி எண்டு எழுதினீங்க. படிச்ச மனிசன் சரியெண்டா சரிதானே எண்டு நானும் இருந்துட்டன். ஒரு வரி எழுதியிருந்தீங்கண்டா அந்தக் கெழமையே கட்டியிருப்பனே." தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "என்ட கடைக்கு மேல குர்ஆன் ஓதின புள்ளைகள். நான் கூப்புட்டன் மாத்தயா. தொண்ட கிழியக் கூப்புட்டன்."

கிளெமென்ற் படிவத்தை நிரப்பினான். பகுதி: கிட்டங்கி. புழங்கும் ஆட்கள் தொகை என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தான். கையெழுத்துப் போட்டான்.

நேரே பொரளைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினான். டீச்சர் அங்கே தன் மூத்த சகோதரரான நானாவின் வீட்டில் இருந்தார். நானா அவனை முன்னறையில் இருத்தினார். உள்ளறை வாசலில் திரை தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் ஊன்றுகோல் சத்தம் மெல்ல மெல்ல வந்து நின்றது, ஒரு கதிரை இழுபட்டது.

"வாங்க மாத்தயா. ஒங்கட வீட்டுல சொகமா?"

"சுகம், டீச்சர்." பஸ்ஸில் வரும்போது ஒழுங்குபடுத்தி வைத்திருந்ததை விட்டுவிட்டு நேரே தொடங்கினான். "முதலாளி பின்னால படி கட்டியிருக்கிறார். கயிறு ஏத்திறதுக்கு. நான் அண்டைக்கு எழுதியிருந்தா அண்டைக்கே கட்டியிருப்பாராம். நீங்கள் சொன்னனீங்கள், டீச்சர். நான் கேக்கேல்லை. உங்களைவிட எனக்குக் கூடுதலாத் தெரியுமெண்டு நினைச்சன். நான்தான் பிழை விட்டனான். வேற ஒருத்தருமில்லை."

நானா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்தேன் என்றாலும் சரி, போ வெளியே என்றாலும் சரி, ஏதாவது ஒன்றைச் சொல்லட்டும் என்று கிளெமென்ற் காத்திருந்தான்.

"எத்தின அடி அகலம்?" என்று கேட்டார் டீச்சர்.

"நாலடி."

"நாலடி" என்று டீச்சர் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே நிதானமான குரலில் சொன்னார்:

"நாலடியெண்டா ரெண்டு ரெண்டு புள்ளைகளாக் கையப் புடிச்சிக்கிட்டு எறங்கலாம்."